சுருட்டை முடியும் சிவப்புத் தாளும்

2022 ஏப்ரல் 22. ஃபுளோரிடா மாநிலத்தில் ஹயலியா கார்டன்ஸ் என்ற ஊர். பள்ளிக்கூடம் ஒன்றில் மேடை. ஆளுநர் ரான் டிசாண்டிஸ் வந்து நிற்கிறார். சுற்றிலும் பிள்ளைகள், எதிரே கேமராக்கள், ஒரே கைதட்டல். கையெழுத்து விழுகிறது. இனம், பாலினம் பற்றி வகுப்பறையில் எதைச் சொல்லிக்கொடுக்கலாம், எதைச் சொல்லக் கூடாது என்று வரம்பு கட்டும் 'ஸ்டாப் வோக்' சட்டம் பிறந்தாயிற்று. (அமெரிக்காவில் ஆளுநர் என்பவர் ஜனங்கள் ஓட்டுப் போட்டு உட்காரவைப்பவர். நம்மூர் முதலமைச்சரின் அதிகாரம் அவர் கையில்.)

மேடையில் நடந்தது அவ்வளவுதான், அதை டி.வி.யில் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். எனக்குப் பின்கட்டைப் பார்க்கத்தான் ஆசை! இந்தச் சட்டத்தின் வரிகள் எங்கே எழுதப்பட்டன? பாடப்புத்தகக் கம்பெனியில் யார் எந்த வாக்கியத்தை அடித்தார்கள்? நீதிபதி எந்த வெப் சீரிஸ் பார்த்தார்? தீர்ப்புகள், அரசாங்கக் கடிதங்கள், நிருபர்கள் தோண்டியெடுத்த பழைய பிரதிகள் என்று ஒவ்வொன்றாகப் படிக்கப் படிக்க எனக்குப் பரபரப்பு தாங்கவில்லை. அத்தனை கதை இருக்கிறது உள்ளே. வாருங்கள், சத்தம் போடாமல் பின்வாசல் வழியாகப் போவோம்.

முதலில் வசனகர்த்தாவைப் பார்த்துவிடலாம். 2020 செப்டம்பர் 1 இரவு, ஃபாக்ஸ் நியூஸில் டக்கர் கார்ல்சன் நிகழ்ச்சி. விருந்தினர் கிறிஸ்டோஃபர் ரூஃபோ. ஆவணப்படம் எடுத்துக்கொண்டிருந்தவர், அதிகம் பேருக்குத் தெரியாத முகம். 'கிரிட்டிகல் ரேஸ் தியரி' என்ற சட்டக் கல்லூரிக் கோட்பாடு அரசு அலுவலகங்களுக்குள் புகுந்துவிட்டது, அதிபர் உடனே தடுக்க வேண்டும் என்று கேமராவைப் பார்த்துக் கேட்டார். டெரிக் பெல், கிம்பர்லே கிரென்ஷா போன்ற சட்டப் பேராசிரியர்கள் 1970களிலும் 80களிலும் வளர்த்த சிந்தனை அது. இனப் பாகுபாடு தனிமனிதரின் கெட்ட எண்ணத்தில் மட்டும் இல்லை, சட்டங்களிலும் அமைப்புகளிலும் ஊறிக்கிடக்கிறது என்பது அதன் சாரம். ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் அதை எங்கே படித்தார்கள்?

மறுநாள் காலை ரூஃபோவின் போன் அடிக்கிறது. எதிர்முனையில் வெள்ளை மாளிகையின் தலைமை அலுவலர் மார்க் மெடோஸ்! ரூஃபோ வாஷிங்டனுக்குப் பறக்கிறார். மூன்றே வாரத்தில், செப்டம்பர் 22 அன்று, டிரம்ப் ஓர் ஆணையில் கையெழுத்திடுகிறார். அதில் 'பிளவுபடுத்தும் கருத்துகள்' என்று ஒரு பட்டியல். அதில் ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: தன் இனத்தையோ பாலினத்தையோ காரணமாக வைத்து ஒருவர் சங்கடமோ குற்ற உணர்வோ மனவேதனையோ அடைய வேண்டும் என்று போதிக்கக் கூடாது.

அந்த ஆணை மத்திய அரசின் பயிற்சி வகுப்புகளுக்காகப் போடப்பட்டது. பள்ளிக்கூடங்களுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நான்கு மாதம்கூட நிறையவில்லை, 2021 ஜனவரி 20 அன்று பதவியேற்ற கையோடு பைடன் அதை ரத்து செய்தார். கதை முடிந்தது என்றுதானே நினைப்போம்? ஆனால் பட்டியல் சாகவில்லை! ஓக்லஹோமா, டென்னஸி, அயோவா, டெக்சாஸ், பிறகு ஃபுளோரிடா என்று மாநிலச் சட்டப்பேரவைகளில் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து நின்றது. மசோதாக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பார்த்தேன். சங்கடம், குற்ற உணர்வு, மனவேதனை என்ற அதே வரிசை, கிட்டத்தட்ட அதே சொற்கள்! ரத்தான ஆணையின் வரி, வெவ்வேறு மாநிலங்களின் ஆறாம் வகுப்பு வாத்தியாரின் மேஜைக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. ஹயலியா கார்டன்ஸ் மேடையில் கையெழுத்து விழுந்த அன்று அங்கே பேசியவர்களில் ரூஃபோவும் ஒருவர்.

பிள்ளைக்கு என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளப் பெற்றோருக்கு உரிமை உண்டு. அதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. தோல் நிறத்தைச் சொல்லி எந்தக் குழந்தையையும் வகுப்பில் கூனிக்குறுக வைக்கக் கூடாது என்பதையும் முழு மனதோடு ஏற்கிறேன். ஆனால் ஒரு பாடம் எந்த இடத்தில் 'சங்கடம்' ஆகிறது என்று இந்தச் சட்டங்கள் சொல்வதில்லை. அடிமைச் சந்தையைப் பற்றிப் படித்தால் எந்தப் பிள்ளைக்குத்தான் சங்கடம் வராது? கோடு எங்கே என்று தெரியாதபோது மனிதர்கள் பத்தடி தள்ளியே நிற்பார்கள். அதற்குச் சாட்சி பார்க்க அடுத்த அறைக்குப் போவோம். எனக்கு மிகவும் பிடித்த அறை!

யூட்டாவில் 'ஸ்டடீஸ் வீக்லி' என்ற பாடநூல் கம்பெனி இருக்கிறது. ஃபுளோரிடாவின் சமூக அறிவியல் புத்தகத் தேர்வுக்கு அவர்கள் தயாரித்த ஒன்றாம் வகுப்புப் பாடத்தின் பிரதிகளை 2023 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. பாடம், ரோசா பார்க்ஸ். 1955இல் மான்ட்கோமரி நகரப் பேருந்தில் வெள்ளைக்காரருக்கு இடம் விட மறுத்துக் கைதான அந்தப் பெண்மணி. புழக்கத்தில் இருந்த பழைய பிரதியில், வெள்ளையர் உட்கார விரும்பினால் கறுப்பின மக்கள் எழுந்து இடம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருந்ததாகத் தெளிவாக இருக்கிறது. தேர்வுக்காகத் தயாரித்த முதல் திருத்தத்தில் அந்தச் சட்டம் காணாமல் போகிறது, தோல் நிறத்துக்காக அவரை வேறு இருக்கைக்குப் போகச் சொன்னார்கள் என்று மட்டும் நிற்கிறது. அடுத்த திருத்தத்தில் தோல் நிறமும் போய்விட்டது! வேறு இருக்கைக்குப் போகச் சொன்னார்கள், அவ்வளவுதான். எதற்காகப் போகச் சொன்னார்கள்? ஆறு வயதுக் குழந்தை அந்தப் பக்கத்தைப் படித்தால் டிக்கெட் எடுக்கவில்லையோ என்றுதான் நினைக்கும்.

இப்போது கேளுங்கள், இதை அடிக்கச் சொன்னது யார்? யாருமே இல்லை! ஃபுளோரிடா கல்வித்துறையே பதறிப்போய், கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தைச் சொல்லும்போது இனத்தை மறைக்கும் புத்தகம் எங்கள் சட்டத்துக்கு உட்பட்டதாகாது என்று அறிவித்தது. அதுவும் உண்மைதான். 1994 முதல் அந்த மாநிலப் பள்ளிகளில் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாறு கட்டாயப் பாடம், புதுச் சட்டமும் அதை எடுத்துவிடவில்லை. தங்கள் பாடக் குழுவினர் சிலர் அளவுக்கு மீறிப் போய்விட்டார்கள் என்று கம்பெனியும் ஒப்புக்கொண்டது. உத்தரவு போட்டவர் இல்லை, அடிக்கச் சொன்னவர் இல்லை, ஆனாலும் வரி போய்விட்டது. இந்தச் சட்டங்கள் எப்படி வேலை செய்கின்றன என்று என்னிடம் யாராவது கேட்டால் அந்த மூன்று பிரதிகளை எடுத்து வரிசையாக வைத்துவிடுவேன்.

கணக்குப் புத்தகத்தையும் விட்டுவைக்கவில்லை. 2022 ஏப்ரலில், தேர்வுக்கு வந்த 132 கணக்குப் புத்தகங்களில் 54ஐ ஃபுளோரிடா திருப்பி அனுப்பியது. சில பாடத்திட்டத்துக்குப் பொருந்தவில்லை. சிலவற்றில் தடைசெய்த கருத்துகள் இருந்தனவாம். அல்ஜீப்ராவில் என்ன இருந்திருக்கும் என்று நானும் ஆவலாகத் தேடிப்போனேன். அரசு உதாரணமாகக் காட்டிய பக்கங்களில் ஒன்று, மக்களின் இனச்சார்பை வயது வாரியாகக் காட்டிய வரைபடம்! பதிப்பகங்கள் திருத்திக் கொடுத்த பிறகு பல புத்தகங்கள் அனுமதி பெற்றன.

சரி, அடுத்து நீதிபதியின் அறை. இங்கேதான் எனக்குக் கை தட்டத் தோன்றியது. டலஹாசியில் மத்திய மாவட்ட நீதிபதி மார்க் வாக்கர். 'ஸ்டாப் வோக்' சட்டம் தனியார் நிறுவனங்களின் பயிற்சி வகுப்புகளையும் கட்டுப்படுத்தியது. புதுமணத் தம்பதிகளின் தேனிலவுக்குப் பரிசுப் பணம் சேர்த்துத் தரும் 'ஹனிஃபண்ட்' என்ற நிறுவனம் வழக்குப் போட்டது. தேனிலவுக் கம்பெனி பேச்சுரிமைக்காகக் கோர்ட் ஏறியிருக்கிறது, எவ்வளவு சந்தோஷமான காட்சி! 2022 ஆகஸ்டில் வந்த உத்தரவில் வாக்கர் என்ன எழுதினார் தெரியுமா? நெட்ஃபிளிக்ஸில் நம் பிள்ளைகள் விழுந்து விழுந்து பார்க்கிறார்களே, 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்', அதில் வரும் தலைகீழ் உலகத்தைச் சொல்லி, பேச்சுரிமை விஷயத்தில் ஃபுளோரிடா அப்படி ஆகிவிட்டது என்றார். நவம்பரில் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் தொடுத்த வழக்கு. 139 பக்கத் தீர்ப்பு, ஆர்வெல்லின் '1984' நாவலின் முதல் வாக்கியத்தோடு தொடங்குகிறது! வகுப்பில் பேராசிரியர் பேசுவதெல்லாம் அரசாங்கத்தின் பேச்சு, ஆகவே அதை அரசாங்கமே கட்டுப்படுத்தலாம் என்று மாநிலம் வாதாடியது. வாக்கர் ஏற்கவில்லை. பல்கலைக்கழகங்களில் இந்தச் சட்டத்தை அமல்படுத்தக் கூடாது என்று தடை போட்டார். மாநிலம் மேலே ஓடியது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடையை நிறுத்திவைக்க மறுத்தது.

2024 மார்ச்சில் அதைவிடப் பெரிய அதிர்வேட்டு. ஹனிஃபண்ட் வழக்கிலும் மேல்முறையீட்டு நீதிமன்றம் வாக்கரின் முடிவையே உறுதிசெய்தது. தீர்ப்பை எழுதிய நீதிபதி பிரிட் கிராண்ட், டிரம்ப் நியமித்தவர்! பேச்சுரிமை கட்சி பார்ப்பதில்லை என்று அந்தத் தீர்ப்பைப் படித்து நிமிர்ந்தபோது தெம்பாக இருந்தது.

பள்ளிக்கூடங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் கிட்டவில்லை. பள்ளிப் பாடத்திட்டம் மாநிலத்தின் கையில் என்பது அமெரிக்க நீதிமன்றங்களின் நெடுநாள் பார்வை. அதனால் பள்ளிகளைக் கட்டுப்படுத்தும் பகுதி விழவில்லை. வகுப்பறைக்குள் இருப்பவர்கள்தான் வழி தேட வேண்டியிருந்தது. தேடினார்கள் பாருங்கள்!

ஓக்லஹோமாவுக்குப் போவோம். 1921இல் டல்சா நகரின் கிரீன்வுட் பகுதியில் கறுப்பின மக்களின் கடைவீதியையும் வீடுகளையும் வெள்ளையர் கும்பல் கொளுத்திச் சாம்பலாக்கிய மாநிலம் அது. அந்தப் படுகொலையின் நூற்றாண்டு நினைவுநாள் 2021 மே 31. அதற்கு மூன்றரை வாரம் இருக்கும்போது, மே 7 அன்று, ஆளுநர் கெவின் ஸ்டிட் அதே பட்டியலைச் சுமந்த 'எச்.பி. 1775' சட்டத்தில் கையெழுத்திட்டார். நூற்றாண்டு நினைவுக் குழு என்ன செய்தது தெரியுமா? தங்கள் குழுவில் உறுப்பினராக இருந்த ஆளுநரையே கழற்றிவிட்டது!

அடுத்த ஆண்டு ஆகஸ்டில் நார்மன் ஊரின் உயர்நிலைப் பள்ளியில் புதுக் கல்வியாண்டு தொடங்குகிறது. ஆங்கில ஆசிரியை சம்மர் பாய்ஸ்மியரின் வகுப்பு. சுவரோரம் அவர் வருடக்கணக்கில் சேர்த்த புத்தக அலமாரிகள். சட்டத்துக்குப் பயந்த நிர்வாகம், புத்தகங்களைச் சரிபார்க்க வேண்டும், இல்லையேல் பார்வையில் படாமல் வைக்க வேண்டும் என்றது. பாய்ஸ்மியர் கீழ்ப்படிந்தார். பெரிய சிவப்புத் தாளை எடுத்து அலமாரிகள் முழுக்க மூடினார். அதன்மேல் கறுப்பு மையில், இவை நீங்கள் படிப்பதை மாநிலம் விரும்பாத புத்தகங்கள் என்று எழுதினார். பக்கத்தில் ஒரு க்யூ.ஆர். கோடு! போனை எடுத்து ஸ்கேன் செய்தால் நேராக நியூயார்க்கின் ப்ரூக்ளின் பொது நூலகம். 'புக்ஸ் அன்பேண்ட்' என்ற திட்டத்தை அந்த நூலகம் 2022 ஏப்ரலில் தொடங்கியிருந்தது. அமெரிக்காவில் எந்த மூலையில் இருந்தாலும் சரி, 13 முதல் 21 வயது வரை உள்ளவர்களுக்கு நூலக அட்டை இலவசம். மின்னூல்களும் ஒலிநூல்களும் போனிலேயே வந்துவிடும். சட்டப்பேரவை கூடி, விவாதித்து, கையெழுத்துப் போட்டு மூடிய அலமாரியை ஒரு கட்டம்போட்ட சதுரம் திறந்துவிட்டது.

புகார் வந்தது. பாய்ஸ்மியர் வேலையை விட்டார். ஊர் சும்மா இருக்கவில்லை. நார்மன் வீடுகளின் முன்புறத்தில் அதே க்யூ.ஆர். கோடு அச்சிட்ட பலகைகள் முளைத்தன. தேர்தல் நேரத்தில் வேட்பாளர் பெயரை நட்டுவைப்பார்களே, அந்த இடத்தில்! அவரோ எந்த நூலகத்துக்கு வழிகாட்டினாரோ அதே ப்ரூக்ளின் நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 2024 ஆகஸ்டில் ஓக்லஹோமா கல்வி வாரியம் அவருடைய ஆசிரியர் உரிமத்தைப் பறித்தது. அவர் கொடுத்த விலை சின்னதில்லை. அதை மறந்துவிட்டுக் கொண்டாட என்னால் முடியாது.

அதே மாநிலத்தில் ட்யூவி என்ற சின்ன ஊர். ஓசேஜ் பழங்குடி மக்களை எண்ணெய்ப் பணத்துக்காகக் கொன்று குவித்த வரலாறு, டேவிட் கிரான் எழுதிய 'கில்லர்ஸ் ஆஃப் தி ஃபிளவர் மூன்'. ஓர் ஆசிரியை வகுப்புக்காகப் பிரதிகள் வாங்கினார். சட்டம் வந்ததும் பயந்து அவற்றை அலமாரியிலேயே விட்டுவிட்டார். ஸ்கார்செஸி அதைப் படமாக எடுத்து உலகமே பார்த்தது. கொலைகள் நடந்த மண்ணுக்குப் பக்கத்து ஊர்ப் பிள்ளைகளுக்குத்தான் அது பாடமாகக் கிடைக்கவில்லை.

இப்போது சுருட்டை முடி! இதற்காகத்தான் உங்களை இவ்வளவு தூரம் இழுத்துவந்தேன்.

ஃபுளோரிடாவுக்கு இன்னொரு சட்டம் உண்டு. 2022 மார்ச் 28 அன்று டிசாண்டிஸ் கையெழுத்திட்டது. மழலையர் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரை பாலின அடையாளம், பாலீர்ப்பு பற்றிக் கற்பிக்கத் தடை. எதிர்ப்பாளர்கள் அதற்கு வைத்த பெயர் 'டோன்ட் சே கே'. பின்னர் அது மேல்வகுப்புகளுக்கும் நீண்டது. இதை எதிர்த்து வழக்குப் போட்டவர்களில் ஒருவர் ஜாண்டர் மோரிச், ஆஸ்ப்ரே ஊரின் பைன் வியூ பள்ளி மாணவர் தலைவர். தன்பாலீர்ப்பாளர் என்பதை வெளிப்படையாகச் சொன்னவர். மே மாதம் பட்டமளிப்பு விழா. மாணவர் தலைவர் பேச வேண்டும். வழக்கைப் பற்றியோ போராட்டத்தைப் பற்றியோ வாயைத் திறந்தால் மைக்கை அணைத்துவிடுவோம் என்று பள்ளி முதல்வர் எச்சரித்ததாக மோரிச் முன்கூட்டியே ஊருக்குச் சொல்லிவிட்டார்.

விழா நாள். மேடை ஏறுகிறார். என்னைப் பற்றி நினைத்தாலே உங்களுக்கு முதலில் நினைவு வரும் ஒரு விஷயத்தைப் பேசப் போகிறேன் என்ற பாவனையில் ஆரம்பிக்கிறார். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பட்டமளிப்புத் தொப்பியைக் கழற்றுகிறார். தனக்குச் சுருட்டை முடி என்கிறார்!

அவ்வளவுதான், அரங்கத்துக்குப் புரிந்துவிட்டது. சிரிப்பும் ஆரவாரமும். அவர் விடவில்லை. இந்தச் சுருட்டையை நான் வெறுத்த காலம் உண்டு, இரவும் பகலும் இதை நேராக்கப் பாடுபட்டேன், ஃபுளோரிடாவின் ஈரக் காற்றில் சுருட்டை முடியோடு வாழ்வது கஷ்டம், எனக்கு இந்தப் பள்ளியில் துணை கிடைத்தது, இனி வரும் சுருட்டை முடிக் குழந்தைகளுக்கு அது கிடைக்குமா என்ற பொருளில் பேசிக்கொண்டே போகிறார். மைக்கை எதைச் சொல்லி அணைப்பது? பேச்சு முழுவதும் தலைமுடி! அந்த வீடியோவை நான் எத்தனையோ பேருக்கு அனுப்பிவிட்டேன். 18 வயதுப் பையன் எந்த விதியையும் மீறாமல், சொல்ல வந்ததில் ஒன்றைக்கூட விடாமல் சொல்லி முடித்த அந்தப் பேச்சு, நான் பார்த்த மிக அழகான மேடைப் பேச்சுகளில் ஒன்று. 2024 மார்ச்சில் அந்த வழக்கு சமரசத்தில் முடிந்தது. தன்பாலீர்ப்பைப் பற்றி வகுப்பில் பேச்சு எழுந்தால் பேசலாம், மாணவர் சங்கங்கள் இயங்கலாம், சட்டம் பாடம் நடத்துவதை மட்டுமே தடுக்கிறது என்று மாநிலம் எழுதிக் கொடுத்தது. கோடு எங்கே என்று முதல் நாளே சொல்லியிருந்தால் இரண்டு வருடப் பயம் மிச்சமாகியிருக்கும்.

இன்னும் இரண்டு இடத்தை எட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம். 2023 ஜூலையில் ஃபுளோரிடா புதிய வரலாற்றுப் பாடத்திட்டம் வெளியிட்டது. அடிமைகள் கற்ற தொழில்கள் சில சமயம் அவர்களுக்கே பயன்பட்டன என்று நடுநிலைப் பள்ளிப் பாடத்தில் ஒரு குறிப்பு. இரண்டே நாளில் அன்றைய துணை அதிபர் கமலா ஹாரிஸ் ஜாக்சன்வில்லுக்குப் பறந்து வந்து வெளுத்து வாங்கினார். மன்னார்குடிப் பக்கத்துத் துளசேந்திரபுரத்தை வேராகக் கொண்ட குடும்பத்தின் பேத்தி, அடிமை வரலாற்றுக்காக ஃபுளோரிடா மேடையில் குரல் கொடுத்ததைப் பார்த்து எனக்குப் புல்லரித்தது. குறிப்புக்கு ஆதரவாகப் பாடத்திட்டக் குழுவினர் சிலர் சொன்ன உதாரணப் பெயர்களில் லூயிஸ் லாடிமரும் இருந்தார். பெல்லின் தொலைபேசிக் காப்புரிமைக்கு வரைபடம் வரைந்தவர், எடிசனோடு வேலை பார்த்தவர். அவர் 1848இல் மாசசூசெட்ஸில் சுதந்திர மனிதராகவே பிறந்தவர்! வரலாற்று ஆசிரியர்கள் உடனே பிடித்துவிட்டார்கள்.

அடுத்தது ஆர்கன்சாஸ். 1957இல் ஒன்பது கறுப்பின மாணவர்களை உள்ளே விடாமல் ஆளுநர் படை நிறுத்த, அதிபர் ஐசனோவர் ராணுவத்தை அனுப்பி அவர்களை உள்ளே அழைத்துச்சென்ற லிட்டில் ராக் சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளி அங்கேதான் இருக்கிறது. 2023 ஆகஸ்டில், பள்ளி திறக்கும் தறுவாயில், ஆப்பிரிக்க அமெரிக்க ஆய்வுப் பாடத்தைத் தேர்ச்சிக் கணக்கில் சேர்க்க முடியாது என்று மாநிலம் கையை விரித்தது. ஃபுளோரிடா ஜனவரியிலேயே அந்தப் பாடத்தை நிராகரித்திருந்தது. அந்த ஒன்பது பேரில் எலிசபெத் எக்ஃபோர்டும் டெரன்ஸ் ராபர்ட்ஸும் கண்டித்துப் பேசினார்கள். சென்ட்ரல் பள்ளி என்ன செய்தது? திட்டமிட்டபடியே பாடத்தை நடத்தியது!

ஃபுளோரிடாவிலும் ஆர்கன்சாஸிலும் பள்ளிகளுக்கான இந்த மாதிரிக் கட்டுப்பாடுகள் இன்றும் சட்டப் புத்தகத்தில்தான் இருக்கின்றன. 2025 ஜூலையில் ஆர்கன்சாஸின் கட்டுப்பாட்டுக்கு எதிராக மாணவர்களுக்குச் சாதகமாக இருந்த இடைக்காலத் தடையையும் மேல்முறையீட்டு நீதிமன்றம் நீக்கிவிட்டது. நியூ ஹாம்ப்ஷயரிலோ இதே மாதிரிச் சட்டத்தை, அதில் தெளிவில்லை என்ற காரணத்தாலேயே, 2024 மே மாதம் ஒரு மத்திய நீதிபதி செல்லாது என்றார்.

உங்கள் அண்ணன் மகளோ அக்கா பேரனோ டல்லாஸிலோ டாம்பாவிலோ படித்துக்கொண்டிருக்கலாம். அவர்களுக்கு 13 முதல் 21க்குள் வயது என்றால் ப்ரூக்ளின் நூலகத்தின் அந்த இலவச அட்டையைப் பற்றி இன்றைக்கே வாட்ஸ்அப்பில் சொல்லிவிடுங்கள்.